வெயிலில் நின்ற தொட்டித் தண்ணீர்



தீவகத்துப் பெண்களுக்குத் தண்ணீரின் அருமையைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வேலணைப் பக்கத்திலும் நிலத்துக்கடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மாரி மழை அதனூடே இறங்கி, உப்பு நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அள்ள அள்ள அந்தப் படை மெலிந்து, கீழிருக்கும் உவர் மேலேறிவிடும். கோடையில் கிணறு சவர்த்துப் போவது இதனால்தான். ஆகவே, நல்ல தண்ணீர் கிடைத்த அன்றே சீமெந்துத் தொட்டியையும் பிளாஸ்டிக் தாங்கியையும் நிரப்பி, நாட்கணக்கில் அதையே புழங்குகிறோம். அப்படி வெயிலில் நின்று சூடேறிய தண்ணீரைப் பற்றித்தான் இம்மாதம் பேசப்போகிறோம்.

"தண்ணீர் குல்லதைன் இருக்கிறது, பிறகென்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. ஷாபிஈ மத்ஹபில் ஏறத்தாழ 200 லீற்றர் கொண்ட தண்ணீரில் நஜீஸ் விழுந்தாலும், நிறமோ மணமோ சுவையோ மாறாதவரை அது சுத்தமானதே. இது தொழுகைக்கான சட்டம். கண்ணுக்குத் தெரியாத கிருமி அதில் இல்லை என்பதற்கு இது சான்றிதழ் அல்ல.

சூடேறி நிற்கும் நன்னீரில் வளரும் ஒருவகை அமீபா உண்டு. அதைக் குடிப்பதால் நோய் வராது. மூக்கின் வழியே மேலேறினால் மூளையைத் தாக்கும். மிக அரிதான நோய்; ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோய்விடும். கராச்சியில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் இந்நோய் கண்ட 13 பேரில் பெரும்பாலோர் நீச்சலுக்கே போகாதவர்கள். வுழூவின்போது மூக்கில் ஏறிய தண்ணீரை மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். கேரளத்தில் 2025இல் இதே போன்ற நோய்க்கு அஞ்சிக் கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் குளோரின் இட்டார்கள்.

வுழூவில் மூக்குக்கு நீர் செலுத்துவது நம் மத்ஹபில் சுன்னத். நோன்பாளியல்லாதவர் நன்றாக உள்ளிழுப்பதும் சுன்னத்தே. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. தொட்டித் தண்ணீரில் ஐயம் இருந்தால், கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு மூடிய செம்பில் மூக்குக்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கேத்தல் தண்ணீர் போதும்.

இனித் தொட்டி. இறுக்கமான மூடி வேண்டும். இல்லையேல் டெங்கு நுளம்பும் அங்கேதான் முட்டையிடும். வெயில் நேரே படாமல் ஒரு கிடுகுப் பந்தலாவது போடுங்கள். அடியில் வண்டலும் சுவரில் வழுவழுப்பும் இருந்தால் எவ்வளவு குளோரின் போட்டாலும் அந்த அழுக்கே அதைத் தின்றுவிடும். ஆகவே முதலில் இறைத்து, தேய்த்துக் கழுவ வேண்டும். நீர் குறைந்திருக்கும் நாளைப் பார்த்துச் செய்தால் ஒரு வாளியும் வீணாகாது.

பிறகு 1000 லீற்றருக்கு 2.5 கிராம் நல்ல குளோரின் தூள். அதைச் சிறிது தண்ணீரில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். அரைமணி நேரம் கழித்தே புழங்க வேண்டும். வெயிலும் சூடும் குளோரினை விரைவில் போக்கிவிடுவதால், ஒருமுறை போட்டுவிட்டு மாதம் முழுவதும் நம்பியிருக்க முடியாது. காற்றுப்பட்ட பழைய தூளில் வீரியமும் இராது. அளவில் சந்தேகமிருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு இந்தத் தூளைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு எழும்பும்.

குளோரின் வாடை வந்தால் வுழூ கூடுமா? கூடும். தண்ணீர் என்ற பெயரை இழக்கும் அளவுக்கு மாறாத சிறு மாற்றம் தண்ணீரைக் கெடுக்காது.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளின் வீடுகளில் இப்போது சுடுநீர்த் தொட்டியே வைத்திருக்கிறார்களாம்; உட்கார்ந்து உடம்பை நனைத்துக்கொள்ள! அங்கேயும் கதை இதுதான். பலர் இறங்கும் சூடான நீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால்தான் லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையாமல் வைக்கச் சொல்கிறார்கள். சூடு 40 பாகைக்கு மேல் போகக்கூடாது, தண்ணீரை இடையிடையே முழுவதும் மாற்றவும் வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் உம்மாமார், அதில் தலையை முக்கி விளையாடும் சிறுவர்களைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.