வாயைப் பூட்டலாம், வெயிலைப் பூட்ட முடியுமா?

“விஞ்ஞானிக்கு அரசியல் எதற்கு? ஆராய்ச்சிக் கூடத்தோடு இருக்கட்டுமே!” என்று உபதேசம் செய்கிறார்கள் சில கனவான்கள். அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சனின் வாழ்க்கை அவர்களுக்குச் சரியான பதில்.

ஹான்சன் 1941-ல் அயோவா மாநிலத்தில் ஒரு குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்தார். ஏழு குழந்தைகளில் ஐந்தாமவர். 1967-ல் நாசாவின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சேர்ந்தார். முதலில் அவர் ஆராய்ந்தது வெள்ளிக் கிரகத்தை. அங்கே காற்றெல்லாம் கரியமிலவாயு. ஈயமும் உருகிவிடும் வெப்பம். நிலக்கரியும் எண்ணெயும் எரிய எரிய, அதே வாயு நம் பூமியையும் கம்பளிபோலப் போர்த்திவருகிறது. இதையறிந்த ஹான்சன் பூமியின் பக்கம் திரும்பினார்.

1981-ல் அந்த நிலையத்தின் தலைவரானார். இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் வெப்பம் கண்கூடாகத் தெரியும் என்று அந்த ஆண்டே சகாக்களுடன் எழுதினார். 1988 ஜூன் 23 அன்று அமெரிக்க செனட் கமிட்டி முன் சாட்சியம் சொன்னார்: வெப்பம் கூடுவது இயற்கையின் தற்செயலான ஏற்ற இறக்கமல்ல, இது 99 சதவீதம் உறுதி!

அப்புறம் நடந்தது என்ன? 1989-ல் அவருடைய சாட்சியத்தையே சர்க்கார் அதிகாரிகள் திருத்தினார்கள். அதைச் செனட் கமிட்டியிடமே அவர் போட்டுடைத்தார். 2006-ல், தம் பேச்சுக்கும் எழுத்துக்கும் வாய்ப்பூட்டுப் போட முயல்கிறார்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார்.

அவர் ஓயவில்லை. 2009-ல், மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிக்காக மலையுச்சிகளை வெடிவைத்துத் தகர்ப்பதை எதிர்த்த மக்களோடு நின்று கைதானார். அப்போது அந்த விஞ்ஞானிக்கு வயது அறுபத்தெட்டு! 46 ஆண்டு ஊழியத்துக்குப் பின் 2013-ல் ஓய்வு பெற்றார். சம்பளம் வாங்கிய கையைக் கட்டிக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. அந்தச் சம்பளம் மக்களின் வரிப்பணம். ஆகவே உண்மையும் மக்களின் சொத்து.

தோழர்களே, இது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிடாதீர்கள். வெயில் கூடினால் முதலாளி குளிர்சாதன அறையில் இருப்பார். நடவு வயலில் முதுகு வேகப்போவது யாருக்கு? நூற்பு மில்லின் புழுக்கத்தில் மயங்கி விழப்போவது யார்? நாம்தான். லாபம் ஒரு பக்கம், வேக்காடு இன்னொரு பக்கம்!

உச்சிவெயிலில் கூலி குறையாத ஓய்வு, வயலிலும் மில்லிலும் நிழலும் குடிநீரும் கேட்பது சலுகை கோருவதல்ல. விஞ்ஞானம் நம் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது. வழக்கை நடத்த வேண்டியது நம் சங்கம்.