உண்பொருளின் நாள் தமிழில் வேண்டும்!

உண்ணும் பொருள் எந்நாள்வரை உண்ணத்தக்கது என்பதை அறிதல் உண்பவரின் உரிமை. அவ்வுரிமை சட்டத்தில் இருக்கின்றது. பொதியின் மேல் எழுத்தாகவும் இருக்கின்றது. ஆனால், அவ்வெழுத்து நம் மக்கள் படிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும் என்னும் கட்டாயந்தான் இல்லை.

காசிமேட்டு மீன்துறையிலிருந்து கல்மண்டபத்துக்கு வரும் மீனின்மேல் எவரும் நாள் பொறிப்பதில்லை. செவுள் சிவந்திருக்கின்றதா, கண் தெளிந்திருக்கின்றதா, விரலால் அழுத்திய சதை மீண்டெழுகின்றதா எனப் பார்த்தே நம் தாய்மார் நல்ல மீனைத் தெரிந்தெடுப்பர். எழுத்தறியாத மூதாட்டிக்கும் அவ்வறிவு உண்டு. நெகிழிப் பையில் அடைத்த பாலிடத்தும், உறையிட்ட உரொட்டியிடத்தும் அவ்வறிவு செல்லாது. கண்ணுக்கும் மூக்குக்கும் வழியடைத்த பொருளுக்கு அச்சிட்ட நாளே சான்று. மேலும், நோய் விளைக்கும் நுண்ணுயிர்களுள் சில, மணத்தையும் சுவையையும் மாற்றாமலேயே பெருகும் இயல்பின.

அந்நாட்குறிப்பும் ஒருவகைத்தன்று. பொருளைச் செய்த அல்லது பொதிந்த நாளையும், பயன்படுத்துவதற்குரிய இறுதி நாளையும் கட்டாயமாகக் குறிக்க வேண்டும் என 2020-ஆம் ஆண்டின் உணவுப் பொதிக்குறிப்பு ஒழுங்குமுறைகள் பணிக்கின்றன. இறுதி நாளுக்குப் பின் அப்பொருளை விற்றல் கூடாது, உண்ணுதலும் தகாது. ‘இந்நாளுக்கு முன் சிறந்தது’ என்னும் குறிப்போ, செய்வோர் விரும்பினால் இடுவது. அந்நாள் கடந்தால் சுவையும் மொறுமொறுப்பும் குறையலாம். பொருள் நஞ்சாகிவிட்டது என்பது அதன் கருத்தன்று. இவ்வேறுபாட்டை அறியாமையால் ஒருபால் நல்லுணவு குப்பைக்குப் போகின்றது. மறுபால் கெட்டவுணவு குழந்தையின் வயிற்றுக்குப் போகின்றது.

மூன்று திங்கள்வரை நிற்கும் பொருள்களில் நாள், திங்கள், ஆண்டு என்னும் வரிசையில் எண்கள் இருக்கும். 05/03/26 எனின் மார்ச்சு ஐந்தாம் நாள். மே மூன்றாம் நாள் அன்று. அதனினும் நெடிது நிற்பவற்றுக்குத் திங்களும் ஆண்டுமே குறிக்கப்படும்; அத்திங்களின் கடைசி நாள்வரை அது செல்லும்.

குறித்த நாளும் காக்கும் முறையைப் பொறுத்ததே. 72 பாகைச் செல்சியசு வெப்பத்தில் 15 நொடி காய்ச்சிப் பொதிந்த பால், 5 பாகைக்குட்பட்ட குளிரில் இருந்தால்தான் அந்நாள்வரை நிற்கும். துறைமுகத்துப் புழுக்கத்தில் நண்பகல்வரை வாயிற்படியில் கிடந்த பாலுக்கு அச்சிட்ட நாள் காவலாகாது. உறை பிரித்த பொருளுக்கும் இஃதே நெறி.

இவற்றையெல்லாம் மக்கள் எவ்வாறு அறிவர்? பொதிக்குறிப்புகள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருத்தல் வேண்டும் என்பதே அவ்வொழுங்குமுறைகளின் ஆணை. பிறமொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாமாம்! தமிழுக்குத் தடையில்லை, உறுதியான இடமும் இல்லை. திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளியும் எண்ணூர் மீனவப் பெண்ணும் தம் உழைப்பின் காசு கொடுத்து வாங்கும் உணவின் நாளை அறிய அயன்மொழி கற்றுவர வேண்டுமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பொருள் விற்கப்படும் நாட்டின் நுகர்வோர் எளிதில் உணரும் மொழியிலேயே உணவுக்குறிப்பு இருக்க வேண்டும் என்கின்றது. 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய தமிழ்நாட்டில், குழந்தை குடிக்கும் பாலின் பையில் தமிழ் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்னும் நிலை நமக்கு இழிவன்றோ? இது மொழிப்பற்றின்பாற்பட்ட வேண்டுகோள் மட்டுமன்று; உயிர்க்காப்பின் பாற்பட்டது.

எனவே, அந்தந்த மாநிலத்தின் மொழியில் நாட்குறிப்பு இடுவதை நடுவணரசு கட்டாயமாக்க வேண்டும். தமிழக அரசு அதனை வலியுறுத்துவதோடு, தன் ஆவின் பொதிகள் அனைத்திலும் தமிழை முதன்மையாக்கி வழிகாட்ட வேண்டும். தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் நாள் குறிக்குமாறு 2020 அக்டோபர் முதல் நாளிலிருந்து ஆணை நடைமுறைக்கு வந்தது. அதனைத் தமிழில் எழுதிவைக்க நம் கடைக்காரர்க்கு எவர் தடை? ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் ஒரு பால்பையைக் காட்டி, நாள் பார்க்கக் கற்பிக்கட்டும். மாணவர் அதனைத் தம் பாட்டிக்குக் கற்பிக்கட்டும்.

தமிழ்ப் பெருமக்களே! பொருளைக் கையில் வாங்குமுன் நாளைக் கேளுங்கள். தமிழில் எங்கே என்றும் கேளுங்கள். கேளாதார்க்கு எவ்வுரிமையும் வந்து சேர்ந்ததில்லை.