கடிக்கும் கிளியைக் கைமாற்றும் முன்

உயிருள்ள விலங்கினங்களைப் பதிவு செய்வதற்கான விதிகள் 2024 பிப்ரவரி இறுதியில் அறிவிக்கப்பட்டதிலிருந்து நம் கிளினிக்குகளில் பேச்சே மாறிவிட்டது. "என்ன தீனி வைக்கலாம்" என்று தொடங்கியவர்கள் இப்போது "டாக்டர், இதை பரிவேஷில் ஏற்றணுமா" என்கிறார்கள். ஆப்பிரிக்க கிரே, மக்காவ், காக்கட்டூ, சன் கொனூர் என்றால் அந்த அரசுத் தளத்தில் ஏற்றத்தான் வேண்டும். 2020இல் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம் என்றிருந்தது இப்போது சட்டக் கடமை. இருப்பு, பிறப்பு, கைமாற்றம், இறப்பு நான்கும் கணக்கில் வர வேண்டும். இந்த இதழ் பதிவை ஆதரிக்கிறது. 2017 முதல் சைட்டிஸ் (அழிவாபத்து உயிரின வணிக ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கும் கிரே பறவை எந்தக் கணக்கிலும் இல்லாமல் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்ததை யாரும் நியாயப்படுத்த முடியாது.

அந்த நான்கில் மூன்றாவதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். வளர்த்த கிளியை ஒரு குடும்பம் ஏன் கொடுத்துவிடுகிறது? வீடு மாறுவது, குழந்தை பிறப்பது என்று காரணம் சொல்வார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் கடியில் வந்து நிற்கும். ஐந்து வருடம் தோளில் உட்கார்ந்திருந்த பறவை ஒரு மாதமாக வீட்டுக்காரரின் விரலைக் கிழிக்கிறது. அம்மா கை நீட்டினால் மட்டும் ஏறுகிறது. "பைத்தியம் பிடிச்சிருச்சு டாக்டர்" என்பார்கள். அடுத்த வாரம் விளம்பரம் போட்டுவிடுவார்கள்.

அதற்கு முன் நம் பரிசோதனை மேசைக்கு வரும்போது நாம் என்ன செய்கிறோம்? பலர் இறக்கையை வெட்டி அனுப்புகிறோம். இது தவறு என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று. பறந்து விலக முடியாத பறவைக்கு அலகைத் தவிர வேறு வழி கிடையாது. வெட்டிய பிறகு கடி கூடுவதில் வியப்பில்லை.

ஒரு கிரே கேஸை எடுத்துக்கொள்வோம். கால்வனைஸ்டு கம்பிக் கூண்டு, பூட்டைக் கடித்து விளையாடும் பழக்கம். கடி தொடங்கிச் சில வாரம் ஆகிறது. தராசில் வைத்தால் எடை இறங்கியிருக்கிறது. கூண்டுத் தாளில் யூரேட் வெள்ளையாக இல்லை, பச்சையாக இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் அரைவைப் பையில் உலோகத் துணுக்கு மின்னுகிறது. இந்தப் பறவைக்கு வேண்டியது கீலேஷனும் புதுக் கூண்டும். நடத்தைப் பயிற்சி எழுதிக் கொடுத்தால் அதைக் கொன்றவர்கள் ஆவோம். கிரேயில் கால்சியம் குறைவையும், சூரியகாந்தி விதையிலேயே வளர்ந்த பறவையில் வைட்டமின் ஏ குறைவையும், பெண் பறவையில் முட்டை அடைப்பையும் விலக்காமல் "ஹார்மோன்" என்று எழுதுவது மருத்துவம் ஆகாது.

கடிக்குக் காரணம் இனப்பெருக்க ஹார்மோன்தான் என்று தெரிந்த பிறகும் வேலை முடிவதில்லை. கூண்டில் தொங்கும் துணிக் குடிலை எடுக்கச் சொல்ல வேண்டும். பறவைக்கு அது பொந்து. முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தடவுவதை நிறுத்தி, தலையோடு நிற்கச் சொல்ல வேண்டும். இரவு பதினோரு மணிவரை டிவி வெளிச்சத்தில் இருக்கும் பறவைக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேர இருட்டு வேண்டும். கண்மணி சுருங்கி விரிவதும், பிடரி இறகு சிலிர்ப்பதும், வால் விசிறியாவதும் கடிக்கு முன் வரும் எச்சரிக்கைகள் என்று காட்டிக் கொடுக்க வேண்டும். இதற்கு அரைமணி நேரமாவது பிடிக்கும். அந்த அரைமணியை எத்தனை கிளினிக்குகள் கொடுக்கின்றன?

கொடுக்க முடியாததற்கு முழுப் பழியையும் நம் மீது போட நான் தயாராக இல்லை. கல்லூரியில் பறவை என்றாலே நமக்குக் கோழிதான். கிளியின் நடத்தையைத் தனிப் பாடமாக உட்கார்ந்து படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பறவைக்கு ஐசோஃபுளூரேன் மயக்கம் கொடுக்கவும், அயனிக் கால்சியம் பார்க்கவும் சென்னைக்கோ கோவைக்கோ அனுப்ப வேண்டிய நிலையில்தான் பல மாவட்டங்களில் இருக்கிறோம். பறவைகளை எண்ணுவதற்கு ஒரு தளத்தைக் கட்டிய அரசு, எண்ணப்பட்ட பறவைக்கு வைத்தியம் பார்ப்பவரைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. கிளி எங்கிருந்து எங்கே போனது என்பது பதிவாகும். பூட்டைக் கடித்தது, பெண் கைக்கு மட்டும் வந்தது, இறக்கை வெட்டப்பட்டது எதுவும் அதோடு போகாது. புது வீட்டில் முதல் கடி விழும். மறுபடி ஒரு கைமாற்றம், மறுபடி ஒரு பதிவு. ஐம்பது வருடம் வாழக்கூடிய பறவைக்கு இது எத்தனை முறை நடக்கும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் யாராவது உட்கார்ந்து எண்ணட்டும். நாட்டுக் கிளிகளின் நிலை இதைவிட மோசம். வைத்திருப்பதே குற்றம் என்பதால், கடிக்கும் பச்சைக்கிளி டாக்டரிடம் வருவதற்குள் மொட்டை மாடியில் திறந்துவிடப்படுகிறது. கையால் ஊட்டி வளர்த்த பறவை காகங்களுக்கு எத்தனை நாள் தப்பும்?

எனவே நம் நிலைப்பாடு இது. கைமாற்றப் பதிவோடு கால்நடை மருத்துவரின் நலக் குறிப்பு ஒன்றை அமைச்சகம் கட்டாயமாக்க வேண்டும்: கிராமில் எடை, தீனி, தூக்க நேரம், கூண்டின் உலோகம், கடித்த வரலாறு, நோய் விலக்கச் செய்த பரிசோதனைகள். அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. "கடிக்குது, யாருக்காவது கொடுத்துடலாமா" என்று கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் இந்தக் குறிப்பை நம் லெட்டர்பேடிலேயே எழுதிக் கொடுப்போம். எக்ஸ்ரே எடுக்காமல் அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.