லயத்துக் குழாயும் எல்போ கணக்கும்

காஹாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் சில ஆண்டுகளுக்கு முன் லயத்துக்குப் புதிய கல்வனைஸ் குழாய் போட்டார்கள். மூலை வந்த இடத்திலெல்லாம் குத்தகைக்காரரின் ஆட்கள் குழாயை ரப்பர் மரத்துக் கவட்டையில் செருகி, இருவர் தொங்கி வளைத்தார்கள். அதற்கும் மசியாததைக் காஸ் விளக்கால் சிவக்கச் சுட்டு வளைத்தார்கள். 'என்ன சுருக்காக வேலை முடிகிறது!' என்று நாமும் மெச்சினோம். இரண்டாவது மழைக்காலம் முடியுமுன் அந்த வளைவுகளில்தான் துரு பூத்தது, பிறகு ஒழுகிற்று. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் நூலாய் இறங்கியது.

காரணம் கேளுங்கள், தோழர்களே. கல்வனைஸ் என்பது எஃகுக் குழாயை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. அந்தப் பூச்சுத்தான் துருவைத் தடுக்கும் கவசம். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். சிவக்கச் சுட்டால் பூச்சு வெண்புகையாய்ப் பறந்துபோகும். மிஞ்சுவது வெறும் எஃகு. அந்தப் புகையைச் சுவாசித்தவனுக்கு மாலையில் குளிரும் காய்ச்சலும் வரும், மறுநாள் விட்டுவிடும். பித்தளை வார்ப்பவர்கள் நெடுங்காலமாக அறிந்த காய்ச்சல் இது. விளக்குப் பிடித்த பையன் அன்றிரவு நடுங்கியபோது, மலேரியா என்று சொல்லிக் கஷாயம் கொடுத்தவர்கள் நம்மவர்களே.

சுடாமல் வளைப்பது குற்றமல்ல. வளைக்கும் இயந்திரத்தில், அளவோடு வளைக்கவேண்டும். இந்தியாவின் 1239ஆம் எண் தரவிதி, கல்வனைஸ் குழாயைச் சோதிக்கும்போது அதன் வெளிவிட்டத்தைப்போல் எட்டு மடங்கு ஆரத்தில் வளைத்துப் பார்க்கச் சொல்கிறது. அரை அங்குலக் குழாய்க்கு அது ஏறக்குறைய 170 மில்லிமீட்டர். மரக்கவட்டைக்கு ஏது இந்தக் கணக்கு? குழாய் நசுங்கும், பூச்சு செதிள் செதிளாய் உதிரும். திடீர்த் திருப்பத்துக்கு எல்போ போடுவதே முறை. மரை வெட்டி, சணல் சுற்றி, வெட்டிய இடத்தில் பெயின்ட் அடித்து முடுக்கவேண்டும். அதற்குக் காசும் நேரமும் ஆகும். மிச்சம் பிடித்தது அங்கேதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பில்லில் எல்போ இருந்தது, லயத்தில் இல்லை. அந்தப் பில்லில் 'சரி' என்று சுருக்கொப்பம் வைத்தது கிராணியாகிய நம் கைதான்.

1966ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வந்த 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம், இலவசமாகவும் போதிய அளவிலும் குழாய்த் தண்ணீர் தருவது முதலாளியின் கடமை என்கிறது. நூலாய் இறங்குவது போதிய அளவாகுமா? லேபர் ஆபீசுக்கு மனு எழுதும்போது 'குழாய் பழுது' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வீட்டில், ஒரு வாளி நிறைய எத்தனை நிமிஷம் என்று எழுதுங்கள்.

கல்வனைஸ்தான் வேண்டும் என்று நாம் அடம்பிடிக்கவில்லை. ஜொகூர்த் தண்ணீரை வாங்கும் சிங்கப்பூர், உட்பூச்சில்லாத பழைய கல்வனைஸ் இணைப்புக் குழாய்களை 1993க்குள் மாற்றி முடித்தது. இங்கே பாலிதீன் குழாய் போட்டாலும் வரவேற்போம். கல்வனைஸே போடுவதானால், பள்ளம் மூடுமுன் பால் வெட்டி வருகிறவர்கள் ஒரு நடை நின்று பாருங்கள். வளைவில் கருகலோ செதிளோ தெரிந்தால் அன்றே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். கிராணிமார்கள் எல்போவை எண்ணிய பிறகே கையொப்பம் இடட்டும்.

மேற்படி தோட்டத்தின் கீழ் லயத்தில் இன்னும் ஒன்பது வளைவுகள் மாற்றப்படவில்லை. வீட்டு எண்களோடு பட்டியல் நம்மிடம் இருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்தில் வைப்போம்.