இரண்டு வயதுவரை திரை வேண்டாம்

இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. அது சரியே. அமெரிக்காவில் பட்ரீஷியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளிடம் ஒருவர் சீன மொழியில் நேரில் பேசி விளையாடியபோது அவை அதன் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதையே டிவியில் காட்டியபோது கற்கவில்லை. குழந்தை ‘ங்கா’ என்றதும் திரும்பிப் பார்த்து ‘என்னடா தங்கம்?’ என்று கேட்க வீடியோவால் முடியாது. பேச்சு வளர்வது அந்தப் பதிலில்தான்.

போனைக் காட்டினால்தான் சோறு இறங்குகிறது என்பார்கள். வாய் திறக்கிறது, உண்மைதான். வயிறு நிறைந்ததைக் குழந்தை கவனிப்பதில்லையே! வெளியூர்த் தாத்தா பாட்டியுடன் எப்போதாவது வீடியோ காலில் பேசுவது வேறு, அங்கே பதில் வருகிறது. குழந்தையிடம் போனைக் கொடுப்பதற்காக, வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கும் தாயை மட்டும் குறை சொல்வது அநியாயம். சாப்பாட்டு வேளையில் அப்பாவும் போனைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தைக்கு ஊட்டட்டும், அதனோடு பேசட்டும்.