கம்பைலர் எச்சரிக்கை: எங்கே கறார், எங்கே தளர்வு?

இராஜபாளையத்து நூற்பாலைகளில் கோன் சுற்றும் இயந்திரத்தில் ஒரு சின்னக் கருவி உண்டு. ஓடுகிற நூலில் தடிப்போ மெலிவோ தென்பட்டால் வெட்டிவிடும். இயந்திரம் ஒட்டுப்போட்டு மறுபடி ஓடும். கருவியை ரொம்பக் கறாராக வைத்தால் ஓயாத வெட்டு, உற்பத்தி படுத்துவிடும். தளர்த்திவிட்டால் குறையுள்ள நூல் தறிக்குப் போய்விடும். அளவு தெரிந்து வைப்பதில்தான் சாமர்த்தியம்.

சி, சி++ கம்பைலர்கள் தரும் எச்சரிக்கைகளும் இதே ரகம்தான். ஆனால் இங்கே ஒரு கூடுதல் தலைவலி. ஒவ்வொரு கம்பைலருக்கும் அளவுகோலே வேறு.

ஜிசிசியில் 'டபிள்யூ-ஆல்' என்று கொடுத்தால் எல்லா எச்சரிக்கையும் வரும் என்று பெயரைப் பார்த்து நம்புவோர் பலர். வராது. முக்கியமானவை மட்டுமே வரும். 'எக்ஸ்ட்ரா' என்று தனியாகக் கேட்டால் இன்னும் சில சேரும். மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++-இல் அதே 'ஆல்' என்றால் நிஜமாகவே எல்லாமும்தான்! வேண்டாத எச்சரிக்கைகள் மழையாகக் கொட்டும். அங்கே அன்றாடத்துக்கு ஏற்றது 3 அல்லது 4 என்ற நிலை.

இதைச் சமாளிக்க வேண்டியது பில்டு கருவிகளின் வேலை. மீசான் இதை நன்றாகச் செய்திருக்கிறது. 'எச்சரிக்கை நிலை 2' என்று ஒரு வரி எழுதினால், ஜிசிசிக்கு 'ஆல்', 'எக்ஸ்ட்ரா' என்றும், விஷுவல் சி++-க்கு 3 என்றும் அதுவே மாற்றிக் கொடுக்கும். பரவலாகப் புழங்கும் சி-மேக்கில் இப்படி ஒரு பொது நிலை கிடையாது. 'மைக்ரோசாஃப்டாக இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்று ஒவ்வொருவரும் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள்.

தமிழுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 'கொ' என்ற எழுத்து கணினியின் நினைவில் 'க', பிறகு உயிர்க்குறி என்றுதான் இருக்கும். திரையில் ஒற்றைக்கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் வரவேண்டும். ஆண்ட்ராய்டு, குரோம், பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகியவற்றில் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற சி++ நூலகம். பலரும் இதன் மூலநிரலைத் தங்கள் பில்டு அமைப்புக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். எனவே ஹார்ஃப்பஸ்காரர்கள் எச்சரிக்கை நிலைகளைத் தலைப்புக் கோப்பிலேயே எழுதிவிட்டார்கள். பிழையாகக் கருதவேண்டியவை, விசாரிக்கவேண்டியவை, பிறகு திருத்தலாம் என்பவை, வேண்டுமென்றே விட்டவை என நான்கு பிரிவு. பிழையாக்குவதை நிறுத்த ஒரு சுவிட்சும் உண்டு. ஜிசிசி, கிளாங் இரண்டும் இதைப் புரிந்துகொள்ளும். விஷுவல் சி++-க்குப் புரியாது என்பது குறைதான். ஆனாலும் எதைக் கவனிக்கிறோம், எதை ஏன் விடுகிறோம் என்பது எழுத்தில் இருக்கிறது. கணக்கேட்டில் குறிப்பெழுதுவது போன்ற நல்ல பழக்கம் அது.

உண்மையான ஆபத்து எச்சரிக்கைகளையெல்லாம் பிழையாக்குவதில் இருக்கிறது. எழுதியவர் கணினியில் அது நல்ல ஒழுக்கம். அப்படியே வெளியிட்டால் அடுத்தவருக்குத் தொல்லை. 2017-இல் வந்த ஜிசிசி 7, 'எக்ஸ்ட்ரா'வுக்குள் புதிய எச்சரிக்கைகளைச் சேர்த்தது. 'ஸ்விட்ச்'சில் ஒரு 'கேஸ்' முடிவில் 'பிரேக்' இல்லாமல் அடுத்ததற்குள் வழுகினால் சொல்வது அவற்றில் ஒன்று. ஒரு வரிகூட மாறாத பழைய நிரல்கள் புதிய கம்பைலரில் நின்றுபோக இதுவே போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாணவர் திறந்த மூலநிரல் ஒன்றை முதன்முறையாக இறக்கி பில்டு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயன்படாத ஒரு மாறிக்காக எல்லாம் நின்றுவிடுகிறது. தவறு நிரலின் அமைப்பில். ஆனால் அவர் நினைப்பதோ, "இது நமக்கு வராது போல" என்று! அங்கேயே ஒரு பங்களிப்பாளரை இழந்தாயிற்று.

2022-இல் வந்த சி-மேக் 3.24 இதற்கு ஒரு வழி செய்தது. எச்சரிக்கையைப் பிழையாக்கும் விருப்பத்தைத் திட்டத்தில் எல்லாக் கம்பைலருக்கும் பொதுவாகக் குறிக்கலாம். பில்டு செய்பவர் கட்டளை வரியிலேயே அதை அணைத்துவிடலாம். மீசானிலும் அது தனி விருப்பமே.

ஆகவே திட்டம் நடத்துபவர்களுக்கு இவ்வளவுதான்: நிலையை ஒரே இடத்தில் எழுதுங்கள். பிழையாக்குவதை உங்கள் சோதனைக் கணினியோடு நிறுத்துங்கள். அடுத்தவர் நூலகத்தின் எச்சரிக்கையை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். வெட்டும் கருவி ஆலைக்குள் இருக்கட்டும். நூல் வாங்கியவர் வீட்டுக்கு அதை அனுப்பவேண்டாம்.