கேஜிஎஃப் சுரங்கம் மூடிய பிறகு தொழிலாளர்கள் என்ன ஆனார்கள்? டேட்டாவில் ஏன் பதில் இல்லை?

கேஜிஎஃப் என்றதும் யாஷ் படம்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். நிஜ கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கி வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். அவர்களிலும் பலர் வட ஆற்காடு பக்கமிருந்து போன தலித் குடும்பங்கள். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது.

அதன் பிறகு அந்தக் குடும்பங்களின் வேலையும் உடல்நலமும் என்ன ஆனது? சிம்பிளான கேள்விதான். ஆனால் அரசு சர்வேக்களில் இதற்கு நேரடி பதில் கிடைக்காது. ஏன்னு பார்ப்போம்.

மாவட்ட சராசரியில் என்ன சிக்கல்?

கோலார் மாவட்டத்தில் மாலூர், நரசாபுரா தொழிற்பேட்டைகளும் இருக்கின்றன. தினமும் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மாவட்ட சராசரியில் எல்லோரும் ஒன்றுதான். 'வேலையில் இருப்பவர்' என்ற கணக்குக்குள் அந்த ரயில் பயண நேரம் வராது.

தூரத்தை வைத்து அளக்க முடியாதா?

முடியும். ஸ்பேஷியல் முறை என்பது அதுதான். சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களையும், அதே பகுதியில் கொஞ்சம் தள்ளி இருப்பவர்களையும் ஒப்பிடுவார்கள். வான் டெர் கோல்ட்ஸ், பர்ன்வால் ஆகிய இருவர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, 44 வளரும் நாடுகளில் சுமார் 800 சுரங்கங்களை இப்படிப் பார்த்தது. சுரங்கத்துக்கு அருகில் குடும்பங்களின் வசதி கூடியிருந்தது. ஆனால் ஈயம் போன்ற கன உலோக மாசு உள்ள இடங்களில் பெண்களுக்கு ரத்தசோகையும், குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவும் அதிகமாக இருந்தன.

கேஜிஎஃப்-க்கு இதை அப்படியே செய்வது கஷ்டம். தேசிய குடும்பநல சர்வே, தனியுரிமைக்காக ஜிபிஎஸ் புள்ளிகளைக் கொஞ்சம் நகர்த்தித்தான் தருகிறது. நகரத்தில் 2 கி.மீ. வரை, கிராமத்தில் பெரும்பாலும் 5 கி.மீ. வரை. சயனைடு மேட்டின் அடிவாரத்தில் இருக்கும் வீட்டையும், 2 கி.மீ. தள்ளி இருக்கும் வீட்டையும் பிரிக்க முடியாது.

பேனல் டேட்டா இருந்தால்?

ஒரே ஆளைப் பல வருடம் தொடர்ந்து கேட்டால் அது பேனல். அவரை அவரோடேயே ஒப்பிடுவதால், பிறப்பு, சாதி, படிப்பு போன்ற மாறாத விஷயங்கள் கணக்கைக் குழப்பாது. ஆனால் குடும்பநல சர்வே ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு வீடுகளுக்குப் போகிறது. மாவட்ட அளவிலான எண்கள் 2015-16 சுற்றில்தான் முதலில் வந்தன. அதாவது, சுரங்கம் மூடுவதற்கு 'முன்' என்ற பாதியே நம்மிடம் இல்லை. தொழிலாளர் சர்வேயான பிஎல்எஃப்எஸ் ஒரே வீட்டுக்கு 4 முறை போகும். 25 வருடக் கதைக்கு அது பத்தாது.

யார் காணாமல் போகிறார்கள்?

குடும்பநல சர்வே, ஆண்களில் 54 வயது வரைதான் பேட்டி எடுக்கும். 2001-ல் 45 வயதாக இருந்த சுரங்கத் தொழிலாளி, 2015-16-ல் அந்த வரம்பைத் தாண்டிவிட்டார். கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நுரையீரல் நோயோ பெரும்பாலும் 10, 20 வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும். நோய் தெரியவரும் வயதில், ஆள் கணக்கில் இல்லை. ஊரைவிட்டுப் போனவர்களும் விடுபடுகிறார்கள். மிஞ்சியவர்களை மட்டும் எண்ணிவிட்டு 'கேஜிஎஃப் நிலவரம்' என்று சொல்லிவிட முடியாது.

இப்போது ஏன் இது முக்கியம்?

ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரவியுள்ள 13 கழிவு மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மேட்டைக் கிளறினால் தூசி கிளம்பும். வேலையும் வரலாம். இரண்டையும் நியாயமாக அளக்க, மண்வெட்டி விழுவதற்கு முன்பே மூன்று வேலைகள் நடக்க வேண்டும்:

• மேடுகளைச் சுற்றியுள்ள வீடுகளில் மூச்சுத்திறன், வருமானம் பற்றிய அடிப்படை சர்வே. அதே வீடுகளுக்கு ஆண்டுதோறும் திரும்பப் போக வேண்டும்.
• பழைய பணியாளர் பதிவேட்டை வைத்து, பெங்களூரிலோ தமிழ்நாட்டிலோ எங்கிருந்தாலும் தொழிலாளர்களைத் தேடிப்பிடிப்பது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களையும் மேலே வேலை பார்த்தவர்களையும் ஒப்பிட்டால் தூசியின் பங்கு புரியும்.
• பக்கத்து வீடுகள் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கின்றன. 500 வீடுகளை 500 தனித்தனி சாட்சிகளாக எண்ணக் கூடாது. அப்படி எண்ணினால் முடிவு உண்மையைவிட உறுதியாகத் தெரியும்.

2001-ல் 'முன்' நிலவரத்தை யாரும் இப்படிப் பதிவு செய்து வைக்கவில்லை. இந்த முறை அதற்கு நேரம் இருக்கிறது. நஷ்டஈடு கேட்டு நாளை ஒரு குடும்பம் வந்து நின்றால், அதன் கையில் இருக்கப்போகும் ஆதாரம் இதுதான்.